பூசையில் வைத்த ரிவால்வர்

தபோதரனுக்குத் துவக்கு விசர், துப்பாக்கிப் பைத்தியம், என்று டுசல்டோர்ஃபில் எந்தத் தமிழ்க் கடை வாசலில் நின்று கேட்டாலும் சொல்வார்கள். சொல்லட்டுமே, ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? மனுசன் டிராம் ஓட்டுகிறவர். வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று, முழங்கால் இரண்டும் நோ. வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றக் குனிந்தால் நிமிர ஒரு பாட்டம் மூச்சு வாங்கும். அப்படிப்பட்டவர் பழைய படைகளின் கைத்துவக்குகளைத் தேடித் தேடி வாங்கி, வீட்டின் கீழே கெல்லர் அறையில் இரும்புப் பெட்டகத்துக்குள் பூட்டி வைக்கிறார் என்றால் கதை வராமல் என்ன செய்யும்?

"தபோ, ஊரிலை துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். நீர் இஞ்சை அதை விலை குடுத்து வாங்குறீர்" என்று சிவகுருநாதன் அண்ணை ஒவ்வொரு கலியாண வீட்டிலும் பகிடி விடுவார். பக்கத்துக் கட்டிடத்தில் இருப்பவர், நல்ல மனுசன், வாய்தான் கொஞ்சம் நீளம். தபோதரன் சிரித்துவிட்டு, "சரித்திரம் அண்ணை, சரித்திரம்" என்பார். இருபது வருசமாக எல்லோருக்கும் அதே பதில்தான். மனைவி புஸ்பவதிக்கும் அதுதான்.

அந்தச் சரித்திரத்துக்கு அவர் பட்டது நாய் படாத பாடு. ஜெர்மனியில் இதெல்லாம் நினைத்தவுடன் வாங்குகிற சாமான் அல்ல. சேகரிக்கிறவர்களுக்கென்று ஒரு சிவப்பு அட்டை உண்டு. அதற்குப் பரீட்சை, பொலிஸ் விசாரணை, என்ன சேர்க்கப் போகிறாய், ஏன் சேர்க்கப் போகிறாய் என்று ஆயிரம் கேள்வி. அட்டை கிடைத்த பிறகும் நிம்மதி இல்லை. துவக்கு எந்நேரமும் பெட்டகத்துக்குள் இருக்க வேண்டும். வெளியே எடுத்தால் அவர் கையில், அவர் கண் முன்னால் இருக்க வேண்டும். இதில் ஒன்று பிசகினாலும் அட்டை போய்விடும், அட்டை போனால் அத்தனையும் போய்விடும். தபோதரன் ஒன்றையும் பிசகவிட்டவர் அல்ல.

கடைசியாக வாங்கியது சுவிஸ் படையின் பழைய ரிவால்வர். சுவிஸில், பேர்ண் நகரில் நடந்த ஏலத்தில் எடுத்தார். எடுத்ததென்னவோ சுகமாக எடுத்துவிட்டார், கொண்டுவருவதற்குள் சீவன் போய்விட்டது. அங்கிருந்து வெளியே விட ஓர் அனுமதி, இங்கே உள்ளே விட ஓர் அனுமதி, இடையில் சுங்கம். அன்ட்ராக் என்று ஒரு விண்ணப்பம் போட்டால் அதில் ஒரு கடதாசி குறைகிறது என்பார்கள். அந்தக் கடதாசிக்கு டெர்மின் எடுத்து, அவர்கள் தந்த நாளில் போனால், முதல் கடதாசிக்குக் காலம் முடிந்துவிட்டது என்பார்கள். வேலையையும் பார்த்துக்கொண்டு ஒரு வருசத்துக்கு மேல் அலைந்தார். ஒருவழியாகப் பொருள் வந்து, அட்டையில் பதிந்து, பெட்டகத்தில் வைத்துப் பூட்டிய அன்று அவருக்கு மேலே ஏறிவரக்கூட ஏலவில்லை. கெல்லர்ப் படியிலேயே குந்திவிட்டார்.

புஸ்பவதி படியின் மேல் நுனியில் வந்து நின்றாள். கெல்லருக்குள் அவள் இறங்குவதில்லை. ஊரில் அவளுடைய தம்பி சேயோனைப் பள்ளிக்கூடச் சட்டையோடு வாசலில் வைத்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். கூட்டிப் போனவர்களில் ஒருவனுடைய கையில் கைத்துவக்கு இருந்தது. பிள்ளை திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு தம்பியின் பெயரை அவள் சொன்னதே இல்லை, துவக்கு என்ற சொல்லை அவள் வீட்டில் எடுத்ததும் இல்லை.

"இஞ்சாருங்கோ, ஏன் உங்களுக்கு இந்தப் பாடு?" என்று கேட்டாள்.

சரித்திரம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அன்றைக்கு அதற்கும் தெம்பில்லை.

"பதினேழு வயசிலை, ஊரிலை, என்ரை நெத்தியிலை இதுமாதிரி ஒண்டை வைச்சவங்கள், புஸ்பம். வைச்சுக்கொண்டு சிரிச்சவங்கள். நான் கண்ணை மூடிப்போட்டன். என்ன சாமான், என்ன நிறம் எண்டுகூடப் பாக்கேல்லை. அண்டைக்குப் பிடிச்ச பயம் இன்னும் விடேல்லை. அதுதான் கையிலை எடுத்து, திறந்து, உள்ளுக்கை ஒண்டும் இல்லையெண்டு பாக்கிறன். பாத்தாத்தான் நித்திரை வருது."

புஸ்பவதி தேத்தண்ணி போடப் போய்விட்டாள்.

நவராத்திரி வந்தது. ஒன்பதாம் நாள் சரஸ்வதி பூசைக்கு வழக்கம்போல சாமித்தட்டைத் துடைத்து, பான் நகரில் படிக்கிற மகளின் பழைய புத்தகங்கள், தன்னுடைய தையல் கத்தரிக்கோல், அவருடைய டிராம் தொப்பி எல்லாவற்றையும் அடுக்கினாள். அடுக்கிவிட்டு அவரைப் பார்க்காமலே சொன்னாள்:

"அதையும் கொண்டுவந்து வையுங்கோ. ஆயுத பூசைதானே."

தபோதரன் சுவிஸ் ரிவால்வரைக் கொண்டுவந்து பட்டுத்துணியில் வைத்தார். புஸ்பவதி ஒரு விரலால் சந்தனம் தொட்டுப் பிடியில் வைத்து, மேலே ஒரு செவ்வந்திப்பூ வைத்தாள். பூசைக்கு வந்த சிவகுருநாதன் அண்ணைகூடப் பகிடி விடவில்லை. கடலையும் அவலும் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

சனம் போனதும் தபோதரன் ரிவால்வரை எடுக்கக் கை நீட்டினார்.

"என்ன செய்யிறியள்? பூசையிலை வைச்சதை விடியமுன்னம் எடுக்கக் கூடாதெண்டு தெரியாதோ?"

"சட்டம் புஸ்பம். பெட்டியை விட்டு வெளியிலை வைக்கேலாது."

"சேயோனை நினைச்சுத்தான் பூ வைச்சனான்" என்றாள் அவள். "ஒரு இரவு இருக்கட்டும்."

முப்பது வருசத்தில் அந்தப் பெயரை அவள் வாயால் அவர் கேட்டது அன்றுதான். அதற்குப் பிறகு எந்தச் சட்டத்தை எடுத்துச் சொல்வது? "சரி, இருக்கட்டும்" என்றார். காவலுக்கு இருக்கிறேன் என்று சோபாவில் சாய்ந்தவர் களைப்பில் அப்படியே நித்திரையாகிப் போனார்.

விடியப் பூசைக்கு முன்னமே வாசல் மணி அடித்தது. புஸ்பவதி கதவின் கண்ணாடித் துளையால் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். ஆயுத அனுமதி கொடுக்கிற கந்தோரிலிருந்து ஒரு பெண் அதிகாரியும் ஓர் ஆணும். புதிதாக ஒரு துவக்குப் பதிந்தால் பெட்டகத்தைப் பார்க்க வருவார்கள், எப்போது என்று சொல்ல மாட்டார்கள். தபோதரனுக்கு அது தெரியாததல்ல. கோதாரி, இந்த நாளிலா வரவேண்டும்?

"நான் கதவடியிலை மினைக்கெடுத்துறன். நீங்கள் எடுத்துக்கொண்டு கீழை ஓடுங்கோ" என்று அவள் காதுக்குள் சொன்னாள்.

ஓடலாம். கெல்லருக்கு உள்ளாலேயே படி இருக்கிறது, பெட்டகத்தின் இலக்கம் விரல் நுனியில் இருக்கிறது. ஆனால் மணி மறுபடி அடித்தபோது அவருக்கு ஊர் ஞாபகம் வந்தது. வாசலில் ஆள் வந்து நிற்க, உள்ளே ஆளையும் பொருளையும் ஒளித்து ஒளித்து வளர்ந்த சீவியம். இந்த வயதில் இன்னொருக்கா ஒளிக்க அவரால் ஏலாது. அத்தோடு அவள் இன்னும் காலைப் பூசை செய்யவில்லை. போய்க் கதவைத் திறந்தார்.

"வாருங்கள். ஒன்று மேலே இருக்கிறது" என்று ஜெர்மனில் சொன்னார்.

சந்தனமும் பூவுமாக இருந்த ரிவால்வரை அந்தப் பெண் அதிகாரி வெகுநேரம் பார்த்தாள். இரவெல்லாம் இங்கேயா இருந்தது என்று கேட்டாள். ஆம் என்றார். குண்டு இருக்கிறதா, திறந்து காட்டுங்கள் என்றாள். தபோதரன் பூவை எடுத்துச் சாமியின் காலடியில் வைத்துவிட்டு, மூடியைத் திறந்து உருளையை ஒவ்வோர் அறையாகச் சுற்றிக் காட்டினார். டிக், டிக் என்று அது சுழன்றது.

புஸ்பவதி அவருடைய தோளுக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள்.

"வெறுமையோ?"

"ஓம்."

"எல்லாம் வெறுமையோ?"

"எல்லாம் வெறுமைதான், புஸ்பம்."

அவள் நிலத்தில் குந்தித் தலையிலடித்து அழுதாள். "என்ரை தம்பியைக் கொண்டுபோகேக்கையும் இப்பிடி வெறுமையா இருந்திருக்கக் கூடாதோ" என்று அழுதாள். அதிகாரிகளுக்குப் பாஷை விளங்கவில்லை. அழுகை ஓயும் மட்டும் இருவரும் நின்றார்கள். தபோதரன் இரண்டு வார்த்தையில் சேயோனைப் பற்றிச் சொன்ன பிறகு அந்தப் பெண், "எனக்கு விளங்குகிறது. ஆனாலும் நான் எழுதத்தான் வேண்டும்" என்றாள். அது அவளுடைய வேலை. தபோதரன் அவளைக் குறை சொல்லவில்லை.

பனையாலே விழுந்தவனை மாடேறி மிதித்த கதையாக, அடுத்த மாதங்கள் முழுக்க விளக்கம் எழுதிப் போடுவதிலேயே போயிற்று. முடிவில் சிவப்பு அட்டையைத் திருப்பி வாங்கிவிட்டார்கள். அனுமதி வைத்திருந்த வியாபாரி ஒருவர் வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார். சுவிஸ் ரிவால்வரின் பிடியில் சந்தனக் கறை இருக்கிறதே என்று அவர் முகம் சுளித்தார். இருக்கட்டும் என்றார் தபோதரன்.

"கதவைத் திறக்காமல் விட்டிருக்கலாமே, தபோ" என்று சிவகுருநாதன் அண்ணை இன்றைக்கும் கேட்பார்.

"களைச்சுப் போனன் அண்ணை" என்பார் அவர்.

பெட்டகம் சுவரோடு திருகாணியால் முடுக்கியது, கழற்ற ஆள் பிடிக்கவேண்டும். அது கிடக்கிறது. புஸ்பவதி இப்போது கெல்லருக்கு இறங்கிப் போகிறாள், அதற்குள் அரிசி மாவும் ஊறுகாய்ப் போத்தலும் வைக்கிறாள்.

அடுத்த சரஸ்வதி பூசைக்குத் தட்டை அடுக்கும்போது புத்தகம், கத்தரிக்கோல், தொப்பி எல்லாம் வைத்தாள். போன வருசம் ரிவால்வர் இருந்த இடத்தில் பட்டுத்துணியை மட்டும் விரித்து, வெறுந்துணியில் சந்தனம் தொட்டு வைத்துப் பூ வைத்தாள்.

"அதிலைதான் ஒண்டும் இல்லையே" என்றார் தபோதரன்.

"ஓம். அது சேயோன்ரை இடம்" என்றாள் புஸ்பவதி. "இதை ஒருத்தரும் வந்து எடுக்கேலாது."