மலர்க்கொடியின் மறுப்புரை

எங்கள் பள்ளி மைக்கின் அருகே வாயைக் கொண்டுபோனால் துரு வாடையும் முன்னால் பேசிவிட்டுப் போனவர்களின் எச்சில் வாடையும் கலந்து அடிக்கும். இன்றைக்கும் எங்காவது பேசக் கூப்பிட்டு மைக்கை நீட்டினால் முதலில் எனக்கு மூக்குதான் சுருங்குகிறது, பிறகுதான் வாய் திறக்கிறது. நெய்வேலி டவுன்ஷிப்பில் நான் ஒன்பதாம் வகுப்பு படித்த வருடம், எங்கள் ஆங்கில ஆசிரியை ஸ்டெல்லா மிஸ், பாடத்தை ஒப்பித்தது போதும், இனி எழுந்து நின்று பேசுங்கள், ஒருவரை ஒருவர் மறுத்து வாதாடுங்கள் என்று ஆரம்பித்தார். "பேச்சாளருக்குச் சொந்தக் கட்சி கிடையாது" என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும் வாக்கியம்.

யாருக்கு எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுக் கொடுப்பார். பெற்றோர் முன்னிலையில் பள்ளி அரங்கில் நடக்கப்போகும் போட்டிக்கு, எங்கள் ஊர் நிலக்கரிச் சுரங்கத்தால் வந்தது வளர்ச்சியா, இழப்பா என்பது தலைப்பு. சுரங்கத்தில் "பர்மனென்ட்" வேலையில் இருந்தவரின் மகளாக, "குவார்ட்டர்ஸி"லேயே பிறந்து வளர்ந்த எனக்கு இழப்பு விழுந்தது. சுரங்கத்தை ஒட்டிய ஊரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்த என் தோழி மலர்க்கொடிக்கு வளர்ச்சி விழுந்தது. சுரங்க விரிவாக்கத்துக்காக அவர்கள் பயிர் செய்த புன்செய்க் கொல்லையை அளந்து எல்லைக் கல் நட்டு அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மாற்றிக்கொள்ளட்டுமா என்று நான் கேட்டதற்கு மிஸ் சிரித்துவிட்டு, "அதுதானே பயிற்சி" என்றார்.

எங்களுக்கு வாதாடத் தெரியாது. மனப்பாடம் செய்யத் தெரியும். எதிராளி என்ன சொல்வாள் என்று தெரியாமல் மறுப்பை எப்படி மனப்பாடம் செய்வது? அதனால் வகுப்பில் எல்லா ஜோடிகளும் மிஸ்ஸுக்குத் தெரியாமல் நோட்டை மாற்றிக்கொண்டார்கள். நாங்கள் இன்னும் ஒரு படி மேலே போனோம். நிலம் போவது என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது என்பதால், மலர் சொல்லச் சொல்ல என் பேச்சை எழுதிக்கொண்டேன்: அவர்கள் "மல்லாட்டை" என்று சொல்லும் நிலக்கடலை விளைந்த கொல்லை, அதன் ஓரத்துப் பலாமரம், கல் நட்டவர்கள் போன மறுநாளும் அவள் அப்பா அங்கே குனிந்து களை எடுத்தது. அவளுக்கு ஆங்கிலம் தடுமாறும் என்பதால் அவள் மறுப்பை நானே எழுதிக் கொடுத்தேன். ஒரு பலாமரத்துக்காக அழுகிறவர்கள் ஒரு நாட்டையே இருட்டில் உட்காரவைக்கப் பார்க்கிறார்கள், நிலம் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும் என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். மலர் அதைப் படித்துப் பார்த்து, "நல்லாத்தான் இருக்குது" என்றாள்.

அவள் கவலை வேறாக இருந்தது. நிலம் போனதும் குறிஞ்சிப்பாடிப் பக்கம் அத்தை ஊருக்குக் குடிபோவதென்றும், அதோடு அவள் படிப்பை நிறுத்துவதென்றும் வீட்டில் பேச்சு அடிபட்டது. "எங்கப்பா வர்றாருடி. நான் இங்கிலீசுல பேசிகினு நிக்கிறத ஒரு தடவ பாத்துட்டாருன்னா, படிப்ப நிறுத்த மாட்டாரு" என்று அந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வந்தார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, கடைசி வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் முதலில் பேசினேன். அவருடைய கொல்லையையும் அவருடைய பலாமரத்தையும், அவருக்குப் புரியாத மொழியில், ஏற்ற இறக்கத்தோடு பேசிக் கைதட்டல் வாங்கினேன். அடுத்து மலர். முன்பகுதியைப் பிசகாமல் சொன்னவள், மறுப்பில் பலாமரம் வருகிற இடத்தில் நின்றுவிட்டாள்.

மறந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். மைக் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. மிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் அப்பா இருக்கையின் நுனிக்கு வந்திருந்தார். பேசுடி, எப்படியாவது பேசிவிடு, இல்லாவிட்டால் அடுத்த வருடம் நீ இங்கே இருக்கமாட்டாய் என்று மனது கிடந்து அடித்துக்கொண்டது. எதிரணி என்பதையும் மறந்து, கையால் வாயை மறைத்துக்கொண்டு அடுத்த சொற்களை எடுத்துக் கொடுத்தேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் எதையும் மறக்கவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

தெரிந்த பிறகும் நான் நிறுத்தவில்லை. இன்னொரு தடவை எடுத்துக் கொடுத்தேன். அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முழுவதையும் சொல்லி முடித்தாள். முதல் பரிசு அவளுக்கு. எல்லோரும் தட்டுவதைப் பார்த்து அவள் அப்பா எழுந்து நின்று தட்டினார்.

வெளியே சைக்கிள் ஸ்டாண்டருகே அவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "எம்பொண்ணு என்னா பாப்பா பேசிச்சி? இத்தக் கேட்டா வாயே தொறக்க மாட்டேங்குது."

மலர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நல்லாப் பேசினா மாமா" என்றேன்.

"அதான் அந்தத் தட்டு தட்டுனாங்களே! எங்க போனாலும் இது படிக்கட்டும்" என்றார்.

அவள் கேட்டது கிடைத்தது. அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. வருட முடிவில் அவர்கள் ஊரைவிட்டுப் போனார்கள்.

இப்போது நான் சென்னையில், வேலைத் தேர்வுக்குப் போகும் பிள்ளைகளுக்குக் குழு விவாதம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறேன். அந்தக் கொல்லை இருந்த இடம் பெரும் பள்ளமாகிவிட்டது, அந்த ஊர்ப் பெயர் எழுதிய பஸ்ஸும் ஓடுவதில்லை. மலர் எங்கோ ஆசிரியையாக இருக்கிறாளாம், அப்பாவும் அவளோடுதான் இருக்கிறாராம். அவளிடம் மன்னிப்புக் கேட்கும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை. அன்று எழுந்து நின்று கைதட்டியது எதற்கு என்று அவள் அப்பாவுக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன்.