கண்ணை எடுக்காதவர்

எழுபதுகளில் வேடந்தாங்கல் சரணாலயக் கோபுரத்தில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே பைனாகுலர். தாம்பரத்திலிருந்து எங்களோடு பஸ்ஸில் வந்த பச்சை மப்ளர்காரர் அதைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. “புடி, புடி” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

“யோவ், இது இன்னா உங்கப்பன் வூட்டு சொத்தா?” என்று கத்தினேன்.

“நாரைக்குஞ்சு ஒண்ணு கிளையில தொங்கிக்கினு கீது சார். பாக்காம வுட்டா தண்ணியில வுழுந்துடும்.”

“நீ பாத்தா வுழாதா?”

“இதுவரைக்கும் வுழல சார்.”

கீழே பஸ் ஹாரன் அடித்தது. பைனாகுலரை என் கையில் திணித்தார்.

“நான் போயி பஸ்ஸ நிறுத்தறேன். நீங்க கண்ண எடுத்துடாதீங்க” என்று ஓடினார்.

டிரைவர் அவரைத் திட்டுவது மேலே வரை கேட்டது. குஞ்சு கிளைமேல் ஏறி உட்கார்ந்த பிறகுதான் இறங்கினேன். நான் பார்த்ததாலா அது பிழைத்தது? முட்டாள்தனம். ஆனால் அதுவரை என் வாயும் “புடி, புடி” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.