கதிர்வேலுக்கு ஆயுள் தடை

நேற்று ஊருக்கு அனுப்பும் அட்டைப்பெட்டியைக் கட்டும்போது பிரவுன் டேப் தீர்ந்துபோனது. கையில் கிடைத்த எலக்ட்ரிக்கல் டேப்பைப் பல்லால் கடித்து இழுத்தேன். அந்த ரப்பர் வாசனை மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. துபாய் ஜெபல் அலி கேம்ப்பில் எங்கள் கிரிக்கெட் பந்துக்கு இதே வாசனைதான். டென்னிஸ் பந்தின்மேல் சிவப்பு டேப்பை இறுக்கிச் சுற்றுவோம். டேப் கம்பெனியுடையது. ஸ்டோர் கீப்பர் நான். மேற்கொண்டு கேட்காதீர்கள்.

அப்போது வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. வெயில் ஏறுவதற்குள், கேம்ப்புக்குப் பின்னாலிருந்த மணல்வெளியில் ஏ பிளாக்கும் பி பிளாக்கும் மோதும். எங்கள் ஏ பிளாக்கின் பந்துவீச்சாளர் கதிர்வேல், அறந்தாங்கிப் பக்கத்து வெல்டர். அவர் யார்க்கர் போட்டால், ஸ்டம்பாக வைத்த பெயிண்ட் டின் கேம்ப் முழுக்கக் கேட்கும்படி அலறும்.

சூதாட்டம் இந்த நாட்டில் குற்றம். ஆகவே நாங்கள் சூதாடவில்லை. மெஸ்ஸில் வெள்ளிக்கிழமை போடும் மட்டனைப் பந்தயம் வைத்தோம், அவ்வளவுதான். இறுதிப் போட்டிக்கு நான் நாலு வாரத்து மட்டனை வைத்திருந்தேன்.

கடைசி ஓவர். பி பிளாக்குக்குப் பன்னிரண்டு ரன் வேண்டும். பந்து கதிர்வேல் கையில். எனக்கு அப்போதே வாயில் மசாலா ருசி தட்டியது. முதல் பந்து வைட். அடுத்ததும் வைட். அப்புறம் இரண்டு ஃபுல்டாஸ், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுப்பதுபோல. ஒரு ஃபோர், ஒரு சிக்ஸர். கலாஸ், ஆட்டம் முடிந்தது.

அடுத்த வாரம் கதிர்வேலுக்கு லீவு கிடைத்தது. இரண்டு முறை இல்லையென்று திரும்பி வந்த லீவு. பி பிளாக் கேப்டன் சுகுமார்தான் ஆபீசில் லீவு பேப்பர்களைப் பார்க்கும் கிளார்க். இதற்குமேல் துப்பறிய என்ன இருக்கிறது?

மூன்று பேர் கொண்ட விசாரணைக் கமிட்டி போட்டோம். தலைவர் நான். மூவருமே மட்டன் இழந்தவர்கள் என்பதால் நீதியுணர்ச்சிக்குக் குறைவில்லை. சுகுமாரையும் விசாரிக்க வேண்டாமா என்று ஒருவர் கேட்டார். எங்கள் மூவரின் லீவு பேப்பரும் அவர் மேசையில் இருந்தது. அவரை விசாரிக்க முகாந்திரம் இல்லை என்று ஒருமனதாக முடிவு செய்தோம்.

நாங்கள் போனபோது கதிர்வேல் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏப்பா இப்புடிப் பண்ணுன?" என்றேன்.

"அண்ணே, எம் மக பொறந்து ரெண்டு வருசமாச்சு. போன்ல அப்பாங்குது. இன்னும் தொட்டுக்கூடப் பாக்கல. ஃபைனல்ல தோத்துக் குடு, பேப்பர் நகரும்னாரு அந்தாளு. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

பதில் எனக்குத் தெரியும். இருந்தாலும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆயுசுக்கும் நீ ஆடக் கூடாதுன்னு முடிவு பண்ணியிருக்கோம்" என்றேன்.

"சரிண்ணே" என்று சொல்லிவிட்டு, ஒரு சின்ன கவுனை மடித்துப் பெட்டியில் வைத்தார்.

லீவு முடிந்து வந்தபின் வெள்ளிக்கிழமைகளில் அவர் துணி துவைத்தார். நாங்கள் வரிசையாகத் தோற்றோம். தடையை நீக்கலாமே என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கௌரவம் விடவில்லை. காண்ட்ராக்ட் முடிந்து அவர் ஊருக்கே போய்விட்டார்.

அந்த மணல்வெளியில் இப்போது கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. விடுமுறை ஞாயிற்றுக்கிழமைக்கு மாறிவிட்டது. பையன்கள் கட்டிலில் படுத்தபடி போனில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். தடையை நீக்கக் கமிட்டியின் மூவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி எழுதியவன் நான். ஒருவர் சவூதியில் ஜுபைலுக்குப் போனார். இன்னொருவர் எங்கே என்று தெரியவில்லை. இங்கே மிச்சம் என் ஒரு கையெழுத்துதான்.