பதினொரு நொடி: டெக்சாஸில் ஒரு தேர்தல் வாரம்

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரை மணிக்கு ஜெர்சி சிட்டியில் இருக்கும் தம்பி வீட்டிலிருந்து கிளம்பினேன். நூவர்க் விமான நிலையத்துக்கு வாடகைக் கார் நாற்பத்திரண்டு டாலர், இருபத்தைந்து நிமிடம். தம்பி பிரபு ஒரு வங்கிக்கு ஒப்பந்தத்தில் கணினி வேலை பார்க்கிறான். லிஃப்ட் வரை பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவன், "அக்கா, அங்க பாலிடிக்ஸ் பேசாத. அவனுங்க எல்லாம் ஒரு மாதிரி" என்றான். அவன் டெக்சாஸுக்குப் போனதே இல்லை.

நான் சேலத்தில் பிசியோதெரபிஸ்ட். ஆறு வாரம் விடுப்பு எடுத்துத் தம்பியைப் பார்க்க வந்திருந்தேன். அதில் ஆறு நாளை மலருக்கு ஒதுக்கியிருந்தேன். கல்லூரி விடுதியில் நான்கு வருடம் ஒரே அறையில் இருந்தவள் மலர். டாலஸுக்கு வடக்கே முப்பது மைல் தள்ளி ஒரு புறநகரில் இருபது வருடமாக இருக்கிறாள். அவள் கணவர் குணசேகரன் அந்த ஊர் நகர மன்றத்துக்கு நிற்கிறார், வாக்குப்பதிவு சனிக்கிழமை. "வந்து பாருடி, எங்க வீட்டுக்காரரு வீடு வீடா ஓட்டு கேக்கறத" என்று போனில் சிரித்திருந்தாள்.

நான்கு மணி நேரப் பயணம். டாலஸில் இறங்கியதும் வெயில் முகத்தில் அறைந்தது. மலர் காரோடு வந்திருந்தாள். எட்டுத் தடச் சாலை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரிச் செங்கல் வீடுகள், ஒரே உயரத்துக்கு வெட்டிய புல். சுவரொட்டி இல்லை, ஒலிபெருக்கி இல்லை. சந்திப்புகளில் புல்லில் குத்திவைத்த சின்னச் சின்னப் பலகைகள் மட்டும். அவற்றில் ஒன்றில் 'குணா' என்று மட்டும் இருந்தது.

"சேகரன் எங்கடி?"

"ஷெல்லி வெட்டிட்டா. முழுப் பேரையும் போட்டா யாரும் படிக்க மாட்டாங்களாம்."

ஷெல்லி, கட்சி அனுப்பிவைத்த ஆலோசகர். இந்த ஊரில் நகர மன்றத் தேர்தலுக்கு வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் கிடையாது. ஆனால் யாருக்குப் பின்னால் எந்தக் கட்சி நிற்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அது எந்தக் கட்சி என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் படிப்பவர்களில் பாதிப் பேர் உடனே பாதித் தவறை மன்னித்துவிடுவார்கள்.

வீட்டுக்குப் பின்னால் மரவேலி. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓர் உயரமான வெள்ளைக்காரர் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார். பெயர் வால்ட்டர், வயது எழுபத்தொன்று, மனைவி இல்லை. காலையும் மாலையும் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். அவர் வீட்டு முன்புல்லில் குணசேகரனை எதிர்த்து நிற்பவரின் பலகை இருந்தது.

"அதெல்லாம் ஒண்ணுமில்லடி" என்றாள் மலர். "போன வருஷம் எனக்கு ஆபரேஷன் ஆனப்ப ஒரு மாசம் எங்க புல்லையும் சேத்து இவருதான் வெட்டினாரு. நாங்க கேக்கவே இல்ல."

அன்று மாலை ஆறரை மணிக்கு நூலகக் கூடத்தில் வேட்பாளர்கள் சந்திப்பு. எண்பது நாற்காலி, முக்கால்வாசி நிறைந்திருந்தது. மலர் தேநீர் மேசையைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால், கணவர் பேசுவதை என் போனில் எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். கேள்வி நேரத்தில் வால்ட்டர் எழுந்தார்.

"குணா, நான் சுற்றி வளைக்கப்போவதில்லை. உங்கள் ஆட்கள் என் வீட்டை ஒட்டியிருக்கும் இந்துக் கோயிலுக்குப் பின்னால் கார் நிறுத்தத் தார் போட்டார்கள். கார் நிறுத்தட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் மழை பெய்தால் அந்தத் தண்ணீர், அது முழுக்க என் கொல்லைக்கு வருகிறது. நீங்கள் ஜெயித்தால் வடிகால் போடவைப்பீர்களா?"

"நியாயமான கேள்வி, வால்ட்டர்" என்றார் குணசேகரன். "ஆள் வைத்து அளக்கச் சொல்கிறேன்." இறங்கி வந்து கைகுலுக்கினார். எதிர் வேட்பாளர் உட்படப் பலர் கை தட்டினார்கள். நம் ஊர்க் கூட்டங்களை நினைத்து எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

புதன் காலை எட்டு மணிக்குச் சமையலறையில் மலர் போனை நீட்டினாள். பதினொரு நொடிப் படம், வேறு யாரோ எடுத்தது. வால்ட்டர் விரல் நீட்டி நிற்கிறார். "உங்கள் ஆட்கள்" என்கிறார், ஒரு வெட்டு, "அது முழுக்க என் கொல்லைக்கு வருகிறது" என்கிறார். நடுவிலிருந்த தண்ணீரைக் காணோம். கீழே பெரிய எழுத்தில், 'இவர்களின் உண்மை முகம் இதுதான்.' அதற்குள் ஆயிரக்கணக்கான பேர் பார்த்திருந்தார்கள். இனவெறியர், கிழட்டு நாய், இவரா நம் பிள்ளைகளுக்குப் பேருந்து ஓட்டுகிறார் என்று கருத்துகள் ஓடிக்கொண்டிருந்தன.

சாப்பாட்டு மேசையில் ஷெல்லி மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார். சுறுசுறுப்பான பெண், முப்பத்தைந்து வயது இருக்கும். மலர் போட்டுக்கொடுத்த காப்பியைப் புகழ்ந்தார்.

நான் குணசேகரனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "என்கிட்ட முழுசா இருக்குங்க. அவரு தண்ணியத்தான் கேட்டாரு."

"தெரியுங்க சித்ரா, நானும் அங்கதான இருந்தேன்." ஷெல்லி இருந்த பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நாங்க கட் பண்ணலங்க. யாரோ வாலண்டியர் போட்டுட்டான். இப்ப நாமளே போய் தப்புன்னு சொன்னா, நாம பொய் சொன்னோம்னு ஆயிடும். சனிக்கிழமை வரைக்கும் அத யாருக்கும் அனுப்பாதீங்க. முடிஞ்சதும் நானே போய் அவருகிட்ட பேசறேன்."

சரி என்றேன். விருந்தாளி, ஊர் நிலவரம் தெரியாதவள், மூன்று நாள்தானே என்று எனக்கு நானே காரணங்கள் சொல்லிக்கொண்டேன். ஒன்றும் கஷ்டமாக இல்லை. அதுதான் இன்று உறுத்துகிறது.

மாலை நான்கு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. வால்ட்டர். தொப்பி கையில் இருந்தது. விசாரணை முடியும்வரை பேருந்துப் பக்கம் வரவேண்டாம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்களாம்.

"நான் உனக்கு ஓட்டுப் போடமாட்டேன், அது உனக்கே தெரியும்" என்றார் குணசேகரனிடம். "ஆனால் நீ அங்கே இருந்தாய். நான் என்ன கேட்டேன் என்று சொல். அது போதும்."

"இது என் கையில் இல்லை, வால்ட்டர். பிரச்சாரக் குழு முடிவு செய்ய வேண்டும்."

வால்ட்டர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "இந்த அம்மா போனைப் பிடித்துக்கொண்டிருந்தார்களே."

எனக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும். புரியாதவள்போல் சிரித்தேன். அவரும் மரியாதைக்குச் சிரித்துவிட்டு, நடைபாதையைத் தாண்டி, புல்லை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை மலரோடு வீடு வீடாகப் போனேன். பத்து மணிக்கே தொண்ணூறு டிகிரி ஃபாரன்ஹீட் வெயில். ஒன்பதாவது வீட்டு வாசலில் குணாவின் பலகை இருந்தது. கதவைத் திறந்த அம்மாளுக்கு அறுபத்தைந்து வயது இருக்கும், கழுத்தில் முத்துமாலை. "நான் நம் பக்கம்தான், உங்கள் கணவருக்கே போடுகிறேன்" என்றார். பிறகு அதே புன்னகையோடு, "ஆனால் இந்தத் தெருவில் இன்னொரு வீட்டை உங்கள் ஆட்கள் வாங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இருக்கிற வாசனையே போதும்" என்றார். கதவு மூடிக்கொண்டது.

மலர் அடுத்த வீட்டுக்குப் போகவில்லை. காரில் ஏறி ஏசியைப் போட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். "இருபது வருஷம்டி" என்று மட்டும் சொன்னாள்.

மதியம் ஷெல்லியிடம் சொன்னாள். ஷெல்லியின் முகம் உண்மையாகவே வாடியது. ஆனால் முகவரியைக் கேட்டதும் பெருமூச்சு விட்டார். "அவர் நமக்கு நிறையச் செய்திருக்கிறார், மலர். மனதில் ஒன்றும் இல்லாதவர். வேறு தலைமுறை. இந்த வாரம் இது வேண்டாம்."

வால்ட்டருக்கு எழுபத்தொன்று. அவர் எந்தத் தலைமுறை என்று மலரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை எதிர்ப்பக்கத்தின் முறை. காலையில் ஒரு குரல் பதிவு வெளிவந்தது. குணசேகரன் சில வருடங்களுக்கு முன் வாட்ஸ்ஆப் குழுவில், புதிதாக வரும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சொன்னது. "அந்தப் பக்கம் அபார்ட்மென்ட் எடுக்காதீங்க. கறுப்பருங்க ஜாஸ்தி. ஸ்கூலே கெட்டுப்போச்சு." கீழே ஆங்கில மொழிபெயர்ப்பு ஓடியது. நல்ல மொழிபெயர்ப்பு. நம் ஆட்களில் ஒருவர்தான் செய்துகொடுத்திருக்க வேண்டும். மேலே தலைப்பு: 'இனவெறியர் யார்?'

மாலையில் மலரின் மகள் யாழினி பள்ளியிலிருந்து வந்தாள். பதினேழு வயது. தமிழ் எல்லாம் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். அவளுடைய நெருங்கிய தோழி இமானி கறுப்பினப் பெண். வெள்ளிதோறும் இந்த வீட்டில்தான் தோசை சாப்பிடுவாளாம். அன்று வரவில்லை.

"இது போலியா, அப்பா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"அது நம்ம க்ரூப்ல சொன்னதும்மா. கான்டெக்ஸ்ட் வேற. வாடகை வீடு தேடறவங்களுக்குச் சொன்னது."

"உங்களுக்குக் கான்டெக்ஸ்ட் உண்டு. வால்ட்டருக்கு மட்டும் இல்லையா?"

அவள் மாடிக்குப் போய்விட்டாள். மலர் தோசைக்கல்லை அணைத்தாள். அந்தப் பதிவை வெளியிட்டவர்களில் ஒருவரும் இமானி போன்ற பிள்ளைகளுக்காக ஒரு நாளும் வாய் திறந்தவர்கள் இல்லை என்று ஷெல்லி கோபமாகச் சொன்னார். உண்மையாக இருக்கலாம். ஆனால் மலர் வீட்டில் அன்று யாருமே இமானிக்குப் போன் செய்யவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

சனிக்கிழமை ஆலங்கட்டி மழையோடு வாக்குப்பதிவு நடந்தது. இரவு எட்டே முக்காலுக்கு ஓர் இந்திய உணவகத்தின் பின்கூடத்தில் முடிவைப் பார்த்தோம். குணசேகரன் அறுபத்தொரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். கேசரி கொடுத்தார்கள். ஷெல்லி எல்லோரையும் கட்டிப்பிடித்தார். முத்துமாலை அம்மாளும் வந்திருந்தார். மலர் அவரோடு நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது, எடுத்தது நான்தான்.

ஞாயிறு காலை எனக்குப் பதினொரு மணிக்கு விமானம். ஏழு மணிக்குக் குணசேகரன் தூங்கிக்கொண்டிருந்தார். "வால்ட்டர்கிட்ட எப்ப பேசப்போறாரு?" என்று மலரைக் கேட்டேன்.

"இப்ப போனா, தெரிஞ்சேதான் விட்டோம்னு ஆயிடும்ல. கொஞ்ச நாள் போகட்டும்டி."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவைச் சுற்றி வால்ட்டர் வீட்டுக்குப் போனேன். அவர் கொல்லையில் ரப்பர் பூட்ஸோடு நின்றிருந்தார். முந்தைய நாள் மழைத் தண்ணீர் கணுக்கால் அளவு தேங்கியிருந்தது. போனைக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, முழுவதையும் பார்த்தார். தன் குரலைத் தானே கேட்டுத் தலையாட்டிக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள்" என்றார். "விசாரணை நடக்கும், காத்திருங்கள் என்றார்கள். இனி நான் வண்டி ஓட்ட வரவில்லை என்று சொல்லிவிட்டேன். பன்னிரண்டு வருடம் ஓட்டினேன். அந்த வண்டியில் ஏறுகிறவர்களில் பாதி உங்கள் ஊர்ப் பிள்ளைகள். ஒரு பிள்ளை படியில் கால் வைத்து, என் முகத்தைப் பார்த்துத் தயங்கினால், நான் என்ன செய்வது?"

"மன்னித்துவிடுங்கள்" என்றேன்.

"செவ்வாய்க்கிழமையிலிருந்தே இது உங்களிடம் இருந்ததா?"

"ஆமாம்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போனைச் சட்டையில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். "பத்திரமாகப் போய்ச் சேருங்கள், அம்மா" என்றார்.

விமானத்தில் எங்கள் தெரு நினைவுக்கு வந்தது. சேலத்தில் எதிர்வீட்டு மாடியை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்குப் பேசிவிட்டு, அவர்கள் சாதி தெரிந்ததும், முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து மறுத்தார்கள். அது தேர்தல் இல்லாத மாதம். ஒரு கட்சியும் வரவில்லை. வீட்டுக்காரர் இரண்டு கட்சிக்கும் வேண்டியவர். அடுத்த வருடம் தேர்தல் வந்தபோது, மேடையில் யாரோ யாரையோ ஒருமையில் பேசியதற்காக அதே தெருவில் மூன்று நாள் மறியல் நடந்தது. அந்தக் குடும்பத்தைத் திருப்பி அனுப்பிய அன்று, அவர்கள் சாமான் ஏற்றி வந்த வண்டி எதிர்வாசலில் நின்றபோது நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அமெரிக்கா போய்த்தான் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. எந்த ஊரிலும் அவமானப்பட்டவரை யாரும் தேடிப்போவதில்லை. அவமானத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

நூவர்க்கில் மாலை நான்கு மணிக்கு இறங்கினேன். பிரபு காரோடு வந்திருந்தான்.

"அக்கா, அந்த வீடியோ எங்க க்ரூப்ல எல்லாம் வந்துச்சு. நான் சொன்னேன்ல, டெக்சாஸ்காரனுங்க அப்படித்தான்னு."

சிக்னலில் வண்டி நின்றபோது, என் போனிலிருந்த பதிவை அவனிடம் காட்டினேன். மூன்று நிமிடம் நாற்பது நொடி. அரை நிமிடம் பார்த்தான். பச்சை விழுந்தது. போனை என் மடியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தான்.

"ரொம்ப நீளமா இருக்கே அக்கா" என்றான்.