எழுபது நீல ஹெல்மெட்

போன வாரம் மெட்ரோ ரயில் நிலையத்தில், ஸ்கேன் செய்யும் பெல்ட்டில் என் கைப்பையை வைத்தேன். பை உள்ளே போனது, வெளியே வரவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் காவலர் பெல்ட்டை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உள்ள இன்னாம்மா வெச்சினு வர்றீங்க?"

கவாத்துக் கத்தரி என்றேன். அவருக்குப் புரியவில்லை. மரத்தின் கிளைகளை அளவாக வெட்டிவிடுவதற்குக் கவாத்து என்று பெயர், அதற்கான கத்தரி இது என்று விளக்கினேன். "மெட்ரோவுல ஏதும்மா மரம்?" என்றார். நியாயமான கேள்விதான். பிடியில் நீலக் கறை படிந்த அந்தப் பழைய கத்தரியை அவர் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தபோது, கொய்யாக் கிளையை வெட்டியதும் வருமே ஒரு பச்சை வாடை, அது எனக்கு வந்தது. மாதக்கணக்காகப் பையில் கிடக்கிற இரும்பில் வாடை எப்படி வரும் என்று கேட்காதீர்கள். என் மூக்கு அப்படித்தான். கத்தரியோடு உள்ளே விட முடியாது என்றார் அவர். கத்தரியை விட்டுவிட்டு நான் போக முடியாது என்றேன். ஆட்டோவில் போனேன்.

ஆட்டோவில் போகும்போது எனக்குக் கும்மிடிப்பூண்டி ஞாபகமாகவே இருந்தது. தோட்டக்கலை அலுவலராக என் முதல் வேலை அந்தப் பக்கம்தான். கொருக்குப்பேட்டையில் காலை லோக்கல் ரயிலைப் பிடிப்பேன். கும்மிடிப்பூண்டியில் பாதி வண்டி காலியாகும். இரவு ஷிப்ட் முடித்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஏறி அதை மறுபடியும் நிரப்புவார்கள். அடுத்த நிலையம் எளாவூர். அங்கே நானும் இறங்குவேன், அவர்களும் இறங்குவார்கள். நான் வேலைக்கு, அவர்கள் தூக்கத்துக்கு.

தை முடிந்து மாசி பிறக்கும்போது பழமரம் வைத்திருப்பவர்களுக்கு வேலை குவிந்துவிடும். மா பூவெடுத்திருக்கும், பூவில் தத்துப்பூச்சி உட்கார்ந்திருக்கும். எலுமிச்சைக்கு உரம் வைக்க வேண்டும். கொய்யாவைக் கவாத்து செய்ய வேண்டும். அதனால் பயிற்சி முகாமும் அப்போதுதான் நடத்த வேண்டும், நாற்பது விவசாயிகள் வர வேண்டும் என்று எனக்கு உத்தரவு. நான் படித்த படிப்புக்கு இது ஒரு பெரிய விஷயமா என்று நினைத்தேன். பேனர் அடித்தேன், ஒலிபெருக்கி வைத்தேன், நாற்பது பேருக்கு எலுமிச்சை சாதம் சொன்னேன். மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது பற்றிக் கேட்டார். ஒருவர் இதைக் கண் சிகிச்சை முகாம் என்று நினைத்து வந்திருந்தார். மூன்றாமவர் பேனர் கட்டிய பையன்களிடம் கயிற்றைத் திரும்ப வாங்க வந்தவர்.

விவசாயிகள் எங்கே என்று விசாரித்ததில், பட்டா வைத்திருந்த அத்தனை ஆண்களும் ஷிப்டில் இருந்தார்கள். உருக்காலை, கெமிக்கல் கம்பெனி, அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை. பகல் பதினோரு மணிக்கு அந்த ஊர்களில் விழித்திருக்கிற ஆண் என்று யாரும் கிடையாது.

இரண்டாவது முகாமுக்கு நாற்பது பேரும் வந்தார்கள். நாற்பதும் பெண்கள். நான் பட்டியலைப் பார்த்து "கோவிந்தசாமி" என்று கூப்பிடுவேன். நெற்றி நிறையக் குங்குமம் வைத்த ஓர் அம்மா "ஆங்" என்று எழுந்து வந்து கையெழுத்துப் போடுவார். புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். பேனாவால் எழுதுவதில் தப்பில்லை போலும். எனக்கு ஆள் கணக்கு முக்கியமாக இருந்ததால் நானும் கண்டுகொள்ளவில்லை. அன்றைக்கென்று பார்த்து மேலதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். பட்டியலை வாங்கி, முதல் பெயரைப் படித்தார்.

"ஏழுமலை யாரு?"

முன்வரிசையிலிருந்து உயரமான ஓர் அம்மா எழுந்து நின்றார். "நான்தான் சார்."

"நீங்களா ஏழுமலை?"

"பட்டாவுல அவரு இருக்காரு. மரத்தாண்ட நான் இருக்கறேன். மரத்துக்கு தானே சார் கிளாஸு எடுக்கறீங்க?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு, சாப்பாடு தயாரா என்று என்னைக் கேட்டார். என் வேலை பிழைத்தது.

அந்த அம்மாவின் பெயர் சம்பூர்ணம். எளாவூருக்குச் சற்று முன்னால், ஒரு பக்கம் தண்டவாளமும் மறுபக்கம் கல்கத்தா நெடுஞ்சாலையுமாக அவர்களுக்கு ஒரு கொய்யாத் தோப்பு. எழுபது மரம். எல்லாம் வயதாகி, கோலிக்குண்டு போல நாலு காய் காய்த்துக்கொண்டிருந்தன. ஆந்திர எல்லை செக்போஸ்ட் பக்கத்தில் இருப்பதால் லாரி நிறுத்த அந்த இடத்தை வாடகைக்குக் கேட்டு ஒரு டிரான்ஸ்போர்ட்காரர் நடையாக நடந்துகொண்டிருந்தார். கொடுத்துவிடலாம் என்பது ஏழுமலையின் கட்சி. மரத்தை விடமாட்டேன் என்பது சம்பூர்ணத்தின் கட்சி. இந்தச் சண்டை நடுவில்தான் நான் மைக்கைப் பிடித்து, வயதான கொய்யாவை இடுப்பு உயரம் விட்டு மேலே உள்ளதை எல்லாம் அறுத்துவிட்டால் புதுக் கிளை வந்து நன்றாகக் காய்க்கும் என்று சொன்னேன்.

"யாரு இடுப்பு மேடம்?" என்றார் சம்பூர்ணம். கூட்டம் சிரித்தது. என் இடுப்பு என்று சொல்லிவைத்தேன். அவர் சிரிக்கவில்லை. வெளியே போய் ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டு வந்து, என்னை நிற்கவைத்து, இடுப்புக்கு நேராக நகத்தால் கீறி எடுத்துக்கொண்டார். தையல்காரர்கூட என்னை அவ்வளவு கவனமாக அளவெடுத்ததில்லை.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதுவரை நான் ஒரு மரத்தையும் கவாத்து செய்ததில்லை. கல்லூரியில் தொட்டிச் செடி ஒன்றை வெட்டி மதிப்பெண் வாங்கியதோடு சரி. மற்றதெல்லாம் புத்தகம்.

மறுவாரம் ரயிலில் எளாவூரை நெருங்கும்போது ஜன்னல் வழியே பார்த்தேன். தோப்பைக் காணோம். எழுபது கட்டைகள் நின்றன, ஒவ்வொன்றும் என் இடுப்பு உயரத்தில். வெட்டிய இடத்தில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பசையைத் தடவச் சொல்லியிருந்தேன். தடவியிருந்தார். எழுபது தலையும் நீலம். ரயிலுக்குள் இருந்த ஷிப்ட்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இன்னாடா இது, நம்ம கான்ட்ராக்ட் ஆளுங்க மாதிரி ஹெல்மெட் போட்டுகினு அட்டெண்டன்ஸுக்கு நிக்குதுங்க."

பெட்டியே சிரித்தது. ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. கிரேன் ஓட்டுகிறவர், அகலமான ஆள், மடியில் டிபன் பாக்ஸ். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் அந்த மேடமா? நான் ஏழுமலை. நெஜ ஏழுமலை."

நான் வணக்கம் சொன்னேன். வேறு என்ன சொல்வது?

"நான் பகல் ஷிப்டு போன நாளா பார்த்து, ஆறு பொம்பளைங்க சேர்ந்துகினு மொட்டை அடிச்சிட்டாங்க. பங்குனி உத்திரம் வரைக்கும் பார்ப்பேன் மேடம். துளிர் வரலன்னா பொக்லைன் வரும். அப்பால லாரி வரும்."

ஓடிப்போய் சம்பூர்ணத்தைப் பார்த்தேன். பத்து மரத்தில் முயற்சி செய்து பாருங்கள் என்றுதானே சொன்னேன் என்று கேட்டேன். "பத்து மரம் வெட்டினா மீதி அறுபத அவரு வெட்டிட்டு லாரிய வுட்டுடுவாரு. எல்லாத்தையும் வெட்டிட்டேன். இப்ப அவரு வெட்ட இன்னா இருக்குது?" என்றார். எழுபது கட்டையையும் ஒருமுறை எண்ணிவிட்டுக் கிளம்பினேன்.

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டினேன். மூன்று, நான்கு வாரங்களில் துளிர்க்கும் என்று போட்டிருந்தது. துளிர்க்காவிட்டால் என்ன செய்வது என்று எந்தப் புத்தகமும் போடவில்லை. ரயிலில் ஏழுமலையின் கூட்டாளிகள் தினமும் என்னை வரவேற்றார்கள். "மேடம், ஹெல்மெட்டுங்களுக்கு பிஎஃப் புடிக்கறீங்களா?" "மேடம், எங்க மச்சானுக்கு முடி ஜாஸ்தி, இடுப்பு வரைக்கும் எடுத்துடலாமா?" பேஜாராகிப்போய்ப் பெண்கள் பெட்டிக்கு மாறினேன். அங்கே ஏழுமலையின் அண்ணி உட்கார்ந்திருந்தார். இரண்டு வாரம் ஆயிற்று. மூன்று வாரம் ஆயிற்று. கட்டைகள் நின்றன. நான் குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டேன். அறிவியல் படித்தவள் என்பதால் யாரிடமும் சொல்லவில்லை.

நாலாவது வாரத்தில் ஒருநாள் காலை, கும்மிடிப்பூண்டியில் ஏழுமலை பெண்கள் பெட்டியின் ஜன்னல் பக்கம் வந்து, இந்தப் பக்கம் வரும்படி சைகை காட்டினார். பொக்லைனுக்குச் சொல்லிவிட்டார் என்று முடிவு செய்துகொண்டு அடுத்த பெட்டிக்கு மாறினேன். வண்டி கிளம்பியது. அவர் டிபன் பாக்ஸைத் திறந்தார். உள்ளே ஈரக் கைக்குட்டை. கைக்குட்டைக்குள், சுண்டுவிரல் நகம் அளவுக்கு, செம்பு நிறத்தில் ஒரு துளிர்.

"ஐயோ, ஏன் பறிச்சீங்க?" என்று ரயிலே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன்.

"நெறைய வந்துக்குது மேடம். கெழக்கால இருந்து மூணாவது வரிசைல ரெண்டாவது மரம், அதுல தான் மொதல்ல. நேத்து வரைக்கும் இருவத்திரெண்டு மரத்துல வந்துக்குது." அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "ஊட்டுல சொல்லிடாதீங்க."

பிறகுதான் புரிந்தது. இரவு ஷிப்ட் முடிந்து வந்ததும் மனிதர் நேராகப் படுக்கப் போகவில்லை. நாலு வாரமாகக் கட்டை கட்டையாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் தோப்புக்குப் போனபோது சம்பூர்ணம் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். துளிர் வந்துவிட்டதாமே என்று வாய் தவறி உளறிவிட்டேன்.

"எனக்கு போன வாரமே தெரியும். அவரா கண்டுபுடிக்கட்டும்னு இருந்தேன். அப்ப தானே அவரு மரம் ஆவும்."

முறத்தைக் கீழே வைத்துவிட்டு, முகாமில் கொடுத்திருந்த கத்தரியை எடுத்துவந்து என் கையில் வைத்தார். வேறு புதிது வாங்கிக்கொண்டாராம், இது நீங்களே வைத்திருங்கள் என்றார். பிடியெல்லாம் நீலம். ரயிலில் எனக்குக் கேலி நின்றுபோனது. இரண்டு வருஷம் கழித்து எனக்கு மாற்றல் வரும் வரைக்கும் காய்க்கிற காலத்தில் வாராவாரம் ஒரு மஞ்சள் பை கொய்யா வந்தது. கொண்டுவந்தவர் ஏழுமலை.

இப்போது பயிற்சிக்கு வருகிறவர்களை முகத்தைப் படம் பிடித்துத்தான் பதிவு செய்கிறோம். ஏழுமலை என்றால் ஏழுமலையே வர வேண்டும். வருவதில்லை.

போன மாசியில் எல்லையைத் தாண்டிச் சூலூர்பேட்டையில் ஒரு கல்யாணம். அதே லோக்கலில் போனேன். எளாவூருக்கு முன்னால் எழுந்து கதவோரம் நின்றேன். தோப்பு இருந்த இடத்தில் லாரிகள் நின்றன. கல்யாணத்தை மறந்துவிட்டு இறங்கினேன். வாசலில் ஒரு பலகை: சம்பூர்ணம் லாரி பார்க்கிங். அதன் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில், ஒரு நோட்டில் வண்டி நம்பர் எழுதிக்கொண்டு, சம்பூர்ணமே உட்கார்ந்திருந்தார்.

"முட்டி போச்சி மேடம். பசங்க ரெண்டு பேருக்கும் ஷிப்டு. வெட்டறதுக்கு ஆளு ஏது? நான்தான் குட்துடலாம்னேன். அவரு ஒரு வாரம் எங்கூட பேசல." பலகையை நிமிர்ந்து பார்த்தார். "கோவத்துல எம்பேர எழுதி வெச்சிட்டாரு."

ஏழுமலை உள்ளே இருந்தார். ஓய்வுபெற்றுவிட்டார், இளைத்திருந்தார். லாரிகள் திரும்புகிற முனையில், கிழக்கிலிருந்து மூன்றாவது வரிசையில் இரண்டாவதாக இருந்த மரத்தை மட்டும் வெட்டவிடாமல் நிறுத்தி வைத்திருந்தார். அதன் ஒரு பக்கம் முழுக்கக் கிளைகள் முறிந்து நார் நாராகத் தொங்கின. மாசி ஆயிற்றே, கவாத்து செய்யவில்லையா என்று கேட்டேன்.

"இப்பல்லாம் நான் வெட்டறது இல்ல மேடம். லாரி திரும்பறப்ப அதுவே வெட்டிடுது. லாரிக்கு மாசி, பங்குனிலாம் தெரியாது. எல்லா மாசமும் வெட்டுது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கைப்பையிலிருந்து கத்தரியை எடுத்து, பிய்ந்த முனைகளை நேராக வெட்டிவிட்டேன். அவர் லாரிகளுக்குப் பின்னாலிருந்து நீலப் பசை டப்பாவைக் கொண்டுவந்து, ஒவ்வொரு முனையாகத் தடவினார்.

திரும்பி வரும்போது ரயிலில் கதவோரமே நின்றுகொண்டேன். லாரிகளுக்கு நடுவில் ஒரே ஒரு நீல ஹெல்மெட். பழக்கதோஷத்தில் எண்ணிப் பார்த்தேன். அறுபத்தொன்பது பேர் ஆப்சென்ட்.