லைன் திறந்து வைத்தவர்

என் மனைவியின் கருமாதிக்குப் பூ வாங்க, காய்கறித் தோட்டங்கள் நிறைந்த மலையூரான கோலா தெர்லாவுக்குச் சென்றிருந்தேன். நெடுந்தூர லோரிகள் அங்கே நெருக்கமாக நிற்கும். இணைய டேட்டா எல்லோருக்கும் கட்டுப்படியாகாததால், ஒருவர் வாங்கி மற்றவர்களுக்கும் ஹாட்ஸ்பாட் திறந்துவிடுவார். அன்று அப்படித் திறந்துவிட்டிருந்தவர் நரைத்த மீசைக்காரர். ஸ்டீயரிங்கை ஓயாமல் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து லோரிக்காரரின் மனைவி ஈப்போ மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சையில் இருந்தார். செய்தி அந்த இணைப்பில்தான் வர வேண்டும்.

“கோசு ஏத்தியாச்சு, கெளம்புங்கண்ணே. பாசார் மூடிருவான் லா,” என்றார் மீசைக்காரரின் லோரியில் முட்டைக்கோசு ஏற்றிவிட்ட தோட்டக்காரர்.

“கோசு அழுகிப் போவாது லா. நான் போனா இவன் லைனும் போயிரும்,” என்றார் மீசைக்காரர்.

அவர் கையிலிருந்த துணி மீண்டும் ஸ்டீயரிங்கைச் சுற்றிச் சுற்றி வந்தது.

“முழிச்சிட்டாளாம்,” என்றார் பக்கத்து லோரிக்காரர், கைப்பேசியிலிருந்து கண்ணெடுக்காமல்.

மீசைக்காரர் தலையசைத்துவிட்டு லோரியைக் கிளப்பினார். சந்தை மூடுமுன் போய்ச் சேர்ந்தாரா என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.