பதினோரு மெஷினும் ஒரு போர்வையும்

சிதம்பரம் தெற்கு வீதிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு காபிக் கடை. போன வாரம் நானும் மனைவியும் போயிருந்தோம். மேசைக்கு அடியில் என் கால் எதையோ மிதிக்க, அது ஆடியது. குனிந்து பார்த்தால் பழைய தையல் மெஷினின் இரும்பு ஸ்டாண்டு. மெஷினைக் கழற்றிவிட்டு மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள். காபி வரும்வரை மிதித்துக்கொண்டே இருந்தேன். "போதும், எல்லாரும் பாக்குறாங்க" என்றாள் மனைவி.

உங்களிடம் சொல்வதற்கென்ன, இந்தப் பைத்தியம் எனக்கு இரண்டாயிரத்து நாலில் பிடித்தது. வேலை மாற்றலாகிக் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் குடியேறிய புதிது. முதுநகரில் ஒரு பழைய இரும்புக் கடையில், உடைந்த சைக்கிள்களுக்கு நடுவே ஒரு கைமெஷின் கிடந்தது. கறுப்பு உடம்பில் தங்க நிறக் கொடியும் பூவும். கைப்பிடியைச் சுற்றினேன், சுற்றியது. வாங்கிவிட்டேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது கண்டக்டர், "இன்னா சார், டெய்லரா?" என்றார். எனக்கு ஒரு பட்டன்கூடத் தைக்கத் தெரியாது.

ஏழு வருடத்தில் பதினொன்று சேர்ந்தது. பின்பக்க ஓட்டு அறை முழுக்க மெஷின் எண்ணெய் வாசனை. "பதினோரு மெஷின் இருக்குற வூட்டுலேர்ந்து ஜாக்கெட் தெக்க டெய்லர் கடைக்குப் போறவ நான் ஒருத்திதான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் மனைவி சொல்லுவாள்.

அவளுக்கு மெஷின் தையலே ஆகாது. கைத்தையல்தான். வெட்டுத்துணிகளை ஒட்டுப்போட்டு, நடுவில் என் பழைய வேட்டி, அடியில் ஒரு நூல் புடவை வைத்து, மூன்றையும் சேர்த்துப் பொடிப்பொடியாகத் தையல் ஓட்டிப் போர்வை செய்வாள். எங்கள் மகள் பெங்களூரில் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது எடுத்ததுதான் பெரிய வேலை. மகள் சின்ன வயதில் போட்ட கவுன், பாவாடை, பள்ளிக்கூட யூனிபார்ம் எல்லாவற்றிலும் துண்டு எடுத்து, பிறக்கப்போகிற குழந்தைக்கு ஒரு போர்வை. இதில் என் பங்கு ஒன்றே ஒன்று. நான் ஆபீஸிலிருந்து வந்ததும், "ஏங்க, ஊசி கோத்துக் குடுத்துட்டுப் போங்க" என்பாள். கண் தெரியவில்லை என்று சாக்கு. ஆறேழு ஊசியில் நூல் கோத்துக் குத்திவைப்பேன். இரும்பைத் தவிர நான் தொட்ட நல்ல காரியம் அதுதான்.

போர்வையை முடித்து மடித்து வைத்த மார்கழியில்தான் கடலூரைப் புயல் அடித்தது. விடிகிற நேரம். பின்னறை ஓடுகள் அப்பளம்போல நொறுங்கி விழுந்தன. அவள் முன்னறையில் ஜன்னல் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் கைக்குக் கிடைத்த துணிகளை வாரிக்கொண்டு மெஷின்களிடம் ஓடினேன். கைக்குக் கிடைத்தது என்று அன்றைக்குச் சொன்னேன். உண்மையில் பீரோவைத் திறந்துதான் எடுத்தேன். துணிதானே, துவைத்தால் சரியாகிவிடும், மெஷின் நனைந்தால் போச்சே என்று நினைத்தேன். முதுநகர் மெஷினுக்கு அந்தப் போர்வையைச் சுற்றினேன்.

காற்று நின்றபிறகு அவிழ்த்தோம். எண்ணெயும் துருவும் மூன்று அடுக்கிலும் ஊறியிருந்தன. எலுமிச்சை, சோடா உப்பு, எதையெதையோ போட்டுத் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"மெஷினுக்கு ஒண்ணும் ஆவலியே?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆவல" என்றேன். வெட்கமாக இருந்தது.

பேரன் கடையில் வாங்கிய போர்வையில்தான் வீட்டுக்கு வந்தான். டெய்லர் கடையிலிருந்து ஒரு பை வெட்டுத்துணி வாங்கி வந்து, "இன்னொண்ணு தெச்சிடேன்" என்றேன். "நம்ம பொண்ணு கவுன் இருக்குதா இதுல?" என்றாள். கோபமாகக்கூட இல்லை. அந்தப் பை பரண்மேல் முடிச்சு அவிழ்க்காமலே கிடக்கிறது.

மெஷின்களைக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். அவள் கொடுக்கச் சொல்லவில்லை. எனக்குத்தான் அந்த எண்ணெய் வாசனை பிடிக்காமல் போயிற்று. வீட்டுக்காரர் பின்னறையை இடித்துத் தளம் போட்டுவிட்டார்.

காபி குடித்து எழுந்தபோது அவள் முந்தானை ஸ்டாண்டில் மாட்டிக் கொஞ்சம் கிழிந்துவிட்டது.

"வூட்டுக்குப் போனதும் ஊசி கோத்துத் தரேன்" என்றேன்.

"எதுக்கு?" என்றாள். "டெய்லர்ட்ட குடுத்தா மெஷின்ல ஒரு அடி அடிச்சிக் குடுத்துடுவான்."